போனைப் பிடுங்காதீர்கள், பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்!



இந்த மாதப் பாடத்தை ஒரு சாட்சியைப்போல எழுத வேண்டியதாயிற்று. என் வீட்டில் நடந்ததை மூடிவைத்துக்கொண்டு உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர்களே, பள்ளிக்கூடங்களில் வேலை செய்கிற ஆசிரியர்களே, தயவுசெய்து பொறுமையாய் வாசியுங்கள்.

2022-ஆம் ஆண்டு. என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. 2020-ல் கொரோனாவினால் பள்ளிக்கூடங்களை மூடினபோது, ஆன்லைன் வகுப்புக்காகத்தான் அவள் கையில் போனைக் கொடுத்தோம். பள்ளி திறந்த பிறகும் போன் அவள் கையிலேயே நின்றுவிட்டது. உங்களில் அநேகர் வீட்டிலும் அப்படித்தானே?

ஒரு திங்கட்கிழமை காலையில் "வயிறு வலிக்குதும்மா" என்று படுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையும் அதே வலி. புதன்கிழமை தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. இரவில் போர்வைக்குள்ளே அழுகிற சத்தம் கேட்டு என் மனைவி மெதுவாய் விசாரித்தபோதுதான் காரியம் வெளியே வந்தது. யாரோ அவள் படத்தைப் போட்டு இன்ஸ்டாகிராமில் ஒரு போலிக் கணக்கு தொடங்கியிருந்தார்கள். அவள் நிறத்தையும் பல்லையும் கேலி செய்து அதில் தினமும் ஒரு பதிவு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் முகம் ஒரு ஸ்டிக்கராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இந்த போன் உன் கையில இருக்கிறதாலதானே இவ்வளவும்!" என்று கத்தி, போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நல்ல தகப்பனாய் நடந்துகொண்டேன் என்றே நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து அவள் சொன்ன வார்த்தை என்னைக் குத்திவிட்டது. "அப்பா, நீங்க போனை எடுத்துட்டா அவங்க எழுதறது நின்னுடுமா? வகுப்புல எல்லாரும் படிக்கிறாங்க. என்ன எழுதியிருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியல. இப்படித்தான் செய்வீங்கன்னு தெரிஞ்சுதான் நான் சொல்லாம இருந்தேன்."

கவனித்தீர்களா? தப்பு செய்தவன் போன் அவன் கையில். அடிபட்ட பிள்ளையின் போன் பீரோவில்! தண்டனை யாருக்கு?

1. இது வெறும் கேலி அல்ல

நாம் படிக்கிற காலத்திலும் பட்டப்பெயர் வைத்தார்கள், கேலி செய்தார்கள். மணியடித்தால் வீட்டுக்கு வந்துவிடுவோம். வீடு ஒரு அடைக்கலமாயிருந்தது. இன்றைக்கு அந்தக் கேலி சட்டைப்பையில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கும் வருகிறது. பத்துப் பேர் பார்த்தது பத்து நிமிஷத்தில் நூறு பேருக்குப் போகிறது. செய்தவன் முகம் தெரிவதில்லை. அழித்தாலும் வேறொருவன் போனில் மீந்திருக்கிறது. "சும்மா விளையாட்டுக்கு" என்பார்கள். இருவரும் சிரித்தால் விளையாட்டு. ஒருவர் அழ, மற்றவர்கள் சிரித்தால் அது கொடுமை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுங்கள்.

2. பெற்றோர் செய்ய வேண்டியது

முதலாவது, பிள்ளை வாய் திறந்தவுடனே சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "நீ சொன்னது நல்லதாச்சு. இது உன் தப்பு இல்ல. நாம சேர்ந்து பார்ப்போம்." விசாரணை பிறகு. புத்திமதி அதற்கும் பிறகு.

இரண்டாவது, ஒன்றும் நடக்காத நாளிலேயே வாக்குக் கொடுங்கள்: "யாராவது உன்னைத் தொந்தரவு செஞ்சா வந்து சொல்லு. அதுக்காக உன் போனைப் பறிக்க மாட்டேன்." கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ராத்திரியில் எல்லார் போனும் கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று ஒழுங்கு வைப்பது வேறு. அது அப்பா அம்மாவுக்கும் சேர்த்து வைக்கிற ஒழுங்கு. துன்பத்தைச் சொன்ன பிள்ளையிடம் கோபத்தில் பிடுங்குவது வேறு.

மூன்றாவது, அவசரப்பட்டு அழிக்காதீர்கள். முதலில் தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன் பிறகு அந்தத் தளத்தில் புகார் கொடுத்து, பிளாக் செய்யுங்கள். ஜாக்கிரதை! ஆபாசமாக்கப்பட்ட படமாயிருந்தால் அதைச் சேமிக்கவோ, சாட்சிக்கு என்று யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். இணைப்பையும் கணக்கின் பெயரையும் எழுதிவைத்து உடனே போலீசில் சொல்லுங்கள்.

நான்காவது, பிள்ளையோடு உட்கார்ந்து போனைச் சரிசெய்யுங்கள். தெரிந்தவர்கள் மட்டுமே குழுவில் சேர்க்கும்படி வாட்ஸ்அப்பில் அமைக்கலாம். இன்ஸ்டாகிராமில் கணக்கைப் பிரைவேட் ஆக்கலாம். ஒருவரை 'ரெஸ்ட்ரிக்ட்' செய்தால், அவர் எழுதுகிற கமெண்ட் அவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு அறிவிப்பும் போகாது. இவையெல்லாம் நான் என் மகளிடம் கற்றுக்கொண்டவை. நாம் கேட்டால் பிள்ளைகள் சந்தோஷமாய்ச் சொல்லிக்கொடுப்பார்கள்.

3. பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது

மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முதலில் கிடைத்த பதில், "வெளியில போன்ல நடக்கிறதுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?" அடுத்த நாள் ஒருவர் வகுப்பில் எல்லார் முன்பாகவும் என் மகள் பெயரைச் சொல்லி, "யார் செஞ்சது, எழுந்திருங்க" என்று அதட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் 'போட்டுக் கொடுத்தவள்' என்று புதிய ஸ்டிக்கர் வந்தது!

அப்புறம் அவள் வகுப்பு ஆசிரியை காரியத்தைக் கையில் எடுத்தார்கள். பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டு அமைதியாய்ப் பேசினார்கள். நல்ல மனசுள்ள மூன்று மாணவிகளிடம், "மதிய சாப்பாட்டுக்கு அவளோட உட்காருங்கம்மா" என்று மட்டும் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் சிரிக்கிற கூட்டம் கலைந்தது. சிரிக்க ஆளில்லாதபோது, செய்தவளே அந்தக் கணக்கை அழித்துவிட்டாள்.

பின்லாந்து தேசத்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில், அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் உதவியோடு 'கிவா' என்ற திட்டத்தை உருவாக்கினார்கள். 2009 முதல் அது அந்நாட்டுப் பள்ளிகளில் பரவிற்று. அதன் அடிப்படை இதுதான்: கொடுமை செய்கிறவனுக்குப் பலம் கொடுப்பது வேடிக்கை பார்க்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தின் மனதைத் திருப்பினால் அவன் கை தளர்ந்துபோம். அதனால் எல்லா மாணவருக்கும் வகுப்பில் பாடம் நடத்துகிறார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாயிருக்கும்படி சில வகுப்புத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். நம்ம ஆசிரியை எந்தப் புத்தகமும் பார்க்காமல் செய்ததும் இதுவே.

ஆகவே ஒவ்வொரு பள்ளியும் செய்யக்கூடியவை: புகாரைக் கேட்க ஒரே ஆசிரியரை நியமித்து, அவர் யாரென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்பது. வந்த புகாரை ரகசியமாய்க் காப்பது. இரு தரப்புப் பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிக்காதிருப்பது. வகுப்பு வாட்ஸ்அப் குழு இருந்தால் அதில் ஒரு ஆசிரியர் அட்மினாக இருப்பது. அட்மின் தவறான பதிவை எல்லார் போனிலிருந்தும் நீக்க முடியும். நம்முடைய வாலிபர் குழுவுக்கும் இது பொருந்தும்!

4. நம்ம பிள்ளையே செய்தால்?

இதை எழுதத்தான் எனக்கு வெட்கம். அடுத்த வருஷம், எட்டாம் வகுப்பு படித்த என் மகன் போனைத் தற்செயலாய்ப் பார்த்தேன். திக்கிப் பேசுகிற ஒரு பையனின் குரலைப் பதிவு செய்து யாரோ போட்டிருந்தார்கள். என் மகன் அதற்குக் கீழே சிரிக்கிற முகம் போட்டு, இன்னொரு குழுவுக்கும் அனுப்பியிருந்தான். அக்காவின் அழுகையைக் கண்ணால் பார்த்த பிள்ளை!

"நான் எடுக்கலப்பா, சும்மா ஃபார்வர்டு பண்ணேன்" என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். என் மகள் தடுத்துவிட்டாள். அவளே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "என் ஸ்டிக்கரையும் எல்லாரும் சும்மாதான்டா அனுப்பினாங்க" என்றாள். அவன் தலை குனிந்துவிட்டது. இரண்டு குழுக்களிலும் பதிவை நீக்கச்சொல்லி, அவனையே மன்னிப்பு எழுதவைத்தோம். சனிக்கிழமை நானும் அவனும் அந்தப் பையன் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த தாயார் முகத்தில் என் மனைவியின் முகத்தைக் கண்டேன். ஜெபிக்கிற வீடு, நம்ம பிள்ளை அப்படிச் செய்யாது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

பெற்றோர்களே, பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்ல" என்று முதல் வார்த்தையாகச் சொல்லாதிருங்கள். கேளுங்கள், பாருங்கள், பிறகு பேசுங்கள்.

5. எங்கே சொல்வது?

பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. சைபர் குற்றங்களுக்கு 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமும் உண்டு. மனம் உடைந்த பிள்ளைக்கு ஆலோசனை வேண்டுமானால் டெலிமானஸ் 14416. "செத்துப் போயிடலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், ஒருபோதும் மிரட்டல் என்று தள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள், அன்றைக்கே உதவி தேடுங்கள்.

நம் தேசத்தில் இணையக் கொடுமை என்ற பெயரில் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிறர் கடவுச்சொல்லைத் திருடிப் பயன்படுத்துவதையும், அந்தரங்கப் படம் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. 18 வயதுக்குட்பட்டவர்களின் ஆபாசப் படத்தைப் பரப்புவது அதே சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பாதுகாப்பு தருகிறது. "ஃபார்வர்டு மட்டும்தான் செஞ்சேன்" என்பது தப்பிக்கும் வழியல்ல என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

இந்த வாரம் வீட்டில் பேசுங்கள்:

1. உன் வகுப்பில் யாரையாவது போனில் கேலி செய்கிறார்களா? அந்தப் பிள்ளையோடு யார் பேசுகிறார்கள்?
2. நான் கோபப்படுவேன் என்று நீ என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது உண்டா?
3. சிரிக்கிற முகம் போடுமுன் நாம் என்ன யோசிக்க வேண்டும்?

இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். எங்கள் வீட்டில் பதில் வர இருபது நிமிஷம் ஆயிற்று. காத்திருந்தது வீண்போகவில்லை.

உங்கள் பிள்ளைகள்மேல் பாரமுள்ள,
உங்கள் சகோதரன்.