எடைக்கு மாடு வளர்ப்போருக்கு எட்டு அறிவுரைகள்

மாடு வாங்கி, வளர்த்து, எடைக்கு விற்கலாம் என்று யோசனை கேட்டு வரும் தம்பிமார்கள் எல்லாரும், "என்ன தீவனம் போட்டால் சீக்கிரம் சதை பிடிக்கும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தின்றதில் எவ்வளவு சதையாகிறது, எவ்வளவு மாடு உயிரோடு நிற்பதற்கே போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

1. முதலில் உயிர், அப்புறம்தான் சதை. மூச்சுவிட, இரத்தம் ஓட, உடம்புச் சூடு காக்க 300 கிலோ மாட்டுக்கு நாளைக்கு ஏறத்தாழ 5.5 மெகா கலோரி நிகர எரிசக்தி வேண்டும். கடை வாடகை மாதிரி, வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டியே ஆகவேண்டும். அதற்கு மேல் தின்பதுதான் எடை ஏறும்.

2. தீவனத்தைக் குறைத்தால் மிச்சம் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு ஒரு கிலோ ஏறும் மாடு 100 நாளில் 100 கிலோ கூடும். அரைக் கிலோ ஏறும் மாட்டுக்கு அதே 100 கிலோ கூட 200 நாள் ஆகும். அந்தக் கூடுதல் 100 நாளும் அது தின்றதில் பெரும்பங்கு உயிர் காக்கவே போயிருக்கும். கூலியும் உங்கள் நேரமும் தனி.

3. கண்ணால் எடை போடாதீர்கள். அங்குல டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு. தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 60, நீளம் 52 என்றால் சுமார் 284 கிலோ. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் தீவனம் வைக்கும் முன் அளந்து நோட்டில் எழுதுங்கள்.

4. தண்ணீரைத் தீவனமாக எண்ணாதீர்கள். கோ-5 போன்ற பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 25 கிலோ புல்லில் உலர்பொருள் ஐந்து கிலோதான். வளரும் மாட்டுக்கு உடல் எடையில் 2.5 சதவீதம் உலர்பொருள் என்று வைத்துக்கொண்டால், 300 கிலோ மாட்டுக்கு ஏழரைக் கிலோ வேண்டும்.

5. வைக்கோலை மட்டும் போட்டுக் கட்டிப்போடாதீர்கள். அது உயிரைத் தாங்குவதே பெரிது. தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். நார் செரிக்காது, மாடு தின்பதும் குறையும். கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கோ வேலிமசாலோ சேர்த்தால் அதே வைக்கோலில் கூடுதல் சத்து கிடைக்கும்.

6. மக்காச்சோளத்தை அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். எரிசக்திக்கு அதற்கு ஈடு குறைவு. ஆனால் திடீரென அதிகம் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகி மாடு படுத்துவிடும், செத்தும் போகும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்; தட்டையும் வைக்கோலும் கூடவே இருக்கட்டும். மாவாக அரைக்காமல் குருணையாக உடையுங்கள். தினமும் சாணத்தைப் பாருங்கள்: முழுத் தானியம் தெரிந்தால் உடைத்தது போதவில்லை, சாம்பல் நிறத்தில் நுரைத்துத் தண்ணீராகப் போனால் தானியம் அதிகம்.

7. சந்தையில் கொழுத்த மாட்டைத் தேடாதீர்கள். எலும்புக்கட்டு அகன்று, கண் தெளிவாக, தீவனம் கிடைக்காமல் மெலிந்த கன்றை வாங்குங்கள். நல்ல தீவனம் கிடைத்ததும் விட்டதைப் பிடித்து வேகமாக ஏறும். இது பசியில் மெலிந்ததற்குத்தான் பொருந்தும், நோயில் மெலிந்ததற்கு இல்லை. வந்தவுடன் குடற்புழு மருந்து கொடுங்கள். இனத்தையும் பாருங்கள்: திமிலுள்ள இனங்களுக்கு உயிர்காக்கும் தேவை ஐரோப்பிய இறைச்சி இனங்களைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு, ஹோல்ஸ்டீன் மாதிரிப் பால் இனங்களுக்குச் சுமார் 20 சதவீதம் அதிகம்.

8. விற்கும் நாளை நோட்டு சொல்லட்டும். வயது ஏற ஏற, ஏறும் எடையில் சதை குறைந்து கொழுப்பு கூடும். கொழுப்பு ஒரு கிலோவுக்கு எரிசக்தி பல மடங்கு வேண்டும். வாலடியிலும் நெஞ்சிலும் கை வைத்தால் மெத்தென்று இருக்கிறதா, முன்பு ஒரு கிலோ ஏற ஏழு கிலோ உலர்பொருள் தின்றது இப்போது பத்து பன்னிரண்டு தின்கிறதா? அந்த ஒரு கிலோவுக்கான தீவனச் செலவையும் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். செலவு விலையைத் தொட்டால் அடுத்த சந்தைக்கே ஓட்டிவிடுங்கள்; இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்தால் கைக்காசுதான் கரையும்.