உபாத்தியாயர் சம்பளம்: சங்கக் கூட்டங்களில் வாசிப்பதற்கு ஒரு பாடம்

குறிஞ்சிப்பாடி வட்டாரத்துக் கூட்டுறவு சங்கங்களில், கூட்டம் முடிந்து தீர்மானப் புத்தகம் மூடப்பட்ட பிறகு நடைபெறும் பேச்சே பெரும்பாலும் சாரமுள்ளதாக இருக்கிறது. அப்படிப்பட்ட பேச்சொன்றில் நெசவுத் தொழில் செய்யும் அங்கத்தினர் ஒருவர், "பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இன்னும் சம்பளம் கூட்ட வேண்டுமென்கிறார்களே ஐயா, எங்கள் தறிக்கூலியைக் கூட்ட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. இதனைக் கணக்கோடு ஆராய்வோமாக.

உபாத்தியாயருக்கு வரும்படி போதாதென்பது புதிய முறையீடன்று. சென்னை மாகாண கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822இல் ஜில்லா கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். தென்னாற்காட்டுக் கலெக்டரும் விடையனுப்பியவர்களில் ஒருவர். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரிய வந்தது. 1826 மார்ச்சு 10ந் தேதியிட்ட குறிப்பில் மன்றோ, உபாத்தியாயர்கள் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை யென்றும், தகுதியுள்ளோர் இத்தொழிலை நாடி வர அத்தொகை போதாதென்றும் எழுதினார். அவர் சிபார்சு செய்தது யாதெனில், கலெக்டர் எல்லையில் அமையும் பள்ளிகளுக்கு மாதம் 15 ரூபாயும், தாசில்தார் எல்லைப் பள்ளிகளுக்கு 9 ரூபாயும் சர்க்கார் கொடுக்க வேண்டுமென்பது. அந்த ஒன்பது ரூபாய்க்குக் குறையாத தொகை பிள்ளைகளிடமிருந்தும் வருமென்று அவர் கணக்கிட்டார். போதாதென்று கண்டவரே பாதியைக் கிராமத்தார் தலையில் வைத்தார் என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க.

இடையிலுள்ள காலத்தை விரிக்க வேண்டுவதில்லை. 1981 ஜூன் முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர், சம்பளம் முறைப்பட்டது. 2017ஆம் ஆண்டுச் சம்பளத் திருத்தத்தில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயாகவும், முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அகவிலைப்படி முதலியன இதற்கு மேல். நம் வட்டாரத்துத் தறிகாரரின் வருமானத்தோடும், மழை தவறிய ஆண்டில் மணிலாப் பயிரிட்டவரின் வருமானத்தோடும் ஒப்பிட்டால் இது கௌரவமான சம்பளமே. இவர்களுக்கு மேலும் உயர்த்த வேண்டுமென்று நான் வாதாடப் போவதில்லை. நெசவாள அங்கத்தினர் மனத்தில் கொண்டதும் இவர்களையே என்று நினைக்கிறேன்.

ஆனால் சிறு குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கும் இடைநிலை ஆசிரியரின் கணக்கு வேறு. 2009இல் மாநில ஆறாவது சம்பளக் குழுவின் விகிதங்கள் வந்தபோது, அவ்வாண்டு மே 31 வரையில் பணியிற் சேர்ந்தவர்களுக்குப் பழைய அடிப்படைச் சம்பளமாகிய 4,500 ரூபாயை 1.86 ஆல் பெருக்கி 8,370 ரூபாய் என்று வைத்தார்கள். ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பெருக்கல் இல்லை. புதிய விகிதத்தின் அடிப்படியாகிய 5,200 ரூபாயில் அமர்த்தினார்கள். தர ஊதியம் 2,800 ரூபாய் இரு சாராருக்கும் ஒன்றே. ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. அடிப்படையில் மாதம் 3,170 ரூபாய் வித்தியாசம். 2017இல் இவற்றை 2.57 ஆல் பெருக்கியபோது வித்தியாசமும் சேர்ந்தே பெருகிற்று. ஆண்டு உயர்வுகளை ஒதுக்கிப் பார்த்தால், ஒருவருக்கு ஏறக்குறைய 28,700, மற்றவருக்கு 20,600.

நெசவாளர் சங்கத்தார் இதனைத் தம் தொழிலில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒரே நூல், ஒரே அளவு, ஒரே கைலி. ஒரு குறித்த தேதிக்கு முன் சங்கத்தில் சேர்ந்த தறிகாரருக்கு ஒரு கூலி, மறுநாள் சேர்ந்தவருக்கு அதில் முக்காலுக்கும் குறைந்த கூலி என்று நிர்வாகக் குழு தீர்மானித்தால், அக்கூட்டம் அமைதியாகக் கலையுமா? ஆசிரியர்கள் இக்குறைக்காக 2018, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் உண்ணாவிரதமிருந்தனர். 2023 ஜனவரி 1ந் தேதி, இதனை ஆராயக் குழுவொன்று அமைக்கப்படுமென்று முதலமைச்சர் அறிவித்தார்.

இவ்வித்தியாசம் வீட்டில் என்ன செய்கிறதென்பதைச் சம்பளப் பட்டியல் காட்டாது. சிக்கன நாணய சங்கத்துப் பேரேடு காட்டும். ஆசிரியர் சங்கமொன்றின் கணக்கைப் பார்வையிடும்போது, ஒரே பள்ளியைச் சேர்ந்த இருவரின் கடன் மனுக்கள் அடுத்தடுத்து இருக்கக் கண்டேன். இருவரும் வீட்டுக்குக் கூரை போடவே கேட்டிருந்தனர். சம்பளத்தில் பிடித்தம் செய்யக்கூடிய அளவுக்கே கடன் கொடுக்கலாமாதலால், மூத்தவருக்குக் கேட்டது கிடைத்தது. இளையவருக்குப் பாதியும் கிடைக்கவில்லை. மீதிக்கு அவர் நகையை அடகு வைத்ததாகக் காரியதரிசி சொன்னார். வட்டியை நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

இவர்களுக்கும் கீழே ஒரு படி உண்டு. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டனர். 2022இல் அரசுப் பள்ளிகளில் காலியாயிருந்த 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் மூலம் தற்காலிகமாக நிரப்ப உத்தரவாயிற்று. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று விதித்தார்கள். அவ்வாண்டு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய நாட்கூலி 281 ரூபாய். மாதம் 26 நாளென்று கொண்டால் 7,306 ரூபாய். ஆகவே மண் வெட்டுகிறவருக்கு விதிக்கப்பட்ட கூலியைக் காட்டிலும் எழுத்தறிவிப்பவருக்கு மாதம் 194 ரூபாய் அதிகம்! மண் வெட்டும் கூலி கூடுதலென்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவ்வேலையும் அப்போது ஆண்டில் நூறு நாட்களுக்கே உரியதாயிருந்தது. கைக்கு வந்த கூலி பல இடங்களில் இதிலும் குறைவு. சங்கக் காரியதரிசியின் சம்பளத்தில் மிச்சம் பிடித்த சங்கங்களின் கணக்குகளை நான் பார்த்ததுண்டு. மிச்சம் எவ்வளவு, பின்னால் போனது எவ்வளவு என்று எழுத இவ்விடம் போதாது.

"சம்பளத்தைக் கூட்டினால் பிள்ளைகள் நன்றாகப் படித்துவிடுமா?" என்றும் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்வதானால், கூட்டினால் மட்டும் படித்துவிடாது. இந்தோனேசிய தேசத்தில் 2005ஆம் வருஷச் சட்டத்தின்படி, சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பாயிற்று. ஆராய்ச்சியாளர் இரண்டு மூன்று ஆண்டுகள் கணக்கெடுத்தபோது, ஆசிரியர்களின் பணக்கஷ்டமும், பக்கத் தொழில் செய்வதும் குறைந்திருந்தன. ஆயின் பிள்ளைகளின் கல்வியில் அபிவிருத்தி காணப்படவில்லை. அப்படியானால் பரீட்சையில் தேறிய பிள்ளைகளை எண்ணிச் சம்பளம் கொடுக்கலாமென்பாரும் உளர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் மாகாணத்திலேயே தேர்ச்சிக்கேற்ற மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். விளைவு, இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காக மனப்பாடம். மற்ற நாட்களுக்கு ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் வேலையில் இருப்பவனாதலால் இதனை நம்புவது எனக்குக் கடினமாயில்லை.

ஆகவே, பிள்ளைகள் நன்றாய்ப் படிப்பார்களென்று ஆசை காட்டிச் சம்பள உயர்வு கேட்பது சரியன்று. செய்யும் வேலை ஒன்றாயின் கூலியும் ஒன்றாயிருக்க வேண்டும். முழுநாள் வேலைக்குக் குடும்பம் நடத்தப் போதிய கூலி வேண்டும். இவ்விரண்டும் தறிக்கும் பொருந்தும், பள்ளிக்கும் பொருந்தும். உபாத்தியாயர் சம்பளத்தைக் குறைத்து வைப்பதனால் தறிக்கூலி ஒரு காசும் ஏறியதில்லை. மேலும் 7,500 ரூபாய் ஆசிரியரின் முன்னே உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் நெசவாளர், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளே. வசதியுள்ளவர் பிள்ளை வேனில் ஏறிப் போய்விடுகிறது. அங்குள்ள ஆசிரியரில் இதனினும் குறைவாகப் பெறுவோர் உண்டென்பது வேறு விஷயம்.

2009ஆம் வருஷக் கல்வியுரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராயிருக்க வேண்டும். நம் அங்கத்தினரில் பலர் அவ்விடத்திலும் அங்கத்தினர். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் அவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, மொத்த ஆசிரியர் இடங்கள் எத்தனை, நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், தற்காலிகமானவர் எத்தனை பேர், தற்காலிகமானவருக்குச் சென்ற மூன்று மாதச் சம்பளம் எந்தெந்தத் தேதியில் வந்தது என்று விசாரித்து எழுதி வரவும். தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்வார். அக்குறிப்பைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வைக்கவும். அடுத்த பார்வையின்போது கேட்டு வாங்கிப் படிப்பேன்.