ப்ளஸ் ஒன்னிலேயே கல்லூரிக் கணக்கு

"முதல்ல மார்க் வரட்டும் டீச்சர், அப்புறம் பார்த்துக்கலாம்." அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தும் நான் பெற்றோர் கூட்டங்களில் அதிகம் கேட்பது இதைத்தான். உயர்கல்வி வழிகாட்டல் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், முடிவு வந்த பிறகு வீடுகளில் நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிட்டால், விசாரித்துப் பாருங்கள். வாங்காமல் விட்ட ஒரு சான்றிதழ், தவறிப்போன ஒரு கடைசித் தேதி, வங்கிக் கணக்கில் பொருந்தாத ஓர் எழுத்து என்று ஏதோ ஒன்று தடுத்திருக்கும். இவற்றைச் சரிசெய்ய ப்ளஸ் ஒன் ஆண்டு தாராளமாகப் போதும். முடிவுக்கும் கலந்தாய்வுக்கும் நடுவே கிடைக்கிற சில வாரங்கள் போதவே போதாது.

முதலில், எந்தப் பள்ளியில் படிக்கிறோம் என்பதே ஒரு பணக் கணக்கு. பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் வாங்கிய பிள்ளையை, "டவுன்ல தனியார் பள்ளியில போட்டா இன்னும் நல்லா வருவான்" என்று மாற்றிவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு வருடத்துக்காகப் பள்ளியை மாற்றினால் இந்த உரிமை போய்விடும். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024இல் வந்த தமிழ்ப்புதல்வன் ஆகிய திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கவும் இதே ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற நிபந்தனைதான். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் இந்த 1,000 ரூபாய்க்குத் தகுதி பெறுவார்கள்; 7.5 சதவீதத்துக்குள் வர மாட்டார்கள். பள்ளி மாற்றுவது அவரவர் முடிவு. இதைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.

ப்ளஸ் ஒன்னில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு வேலை செய்கிறோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கி பாஸ்புக் மூன்றையும் கொண்டுவரச் சொல்லி, பெஞ்சின் மேல் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்வோம். இரண்டு பேர் இரண்டு பேராக, ஒருவர் பெயரை இன்னொருவர் எழுத்து எழுத்தாக வாசிப்பார்கள். ஒரு மாணவியின் மதிப்பெண் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒற்றை இனிஷியல். ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர். பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை, பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் 'எச்' கூடுதல். மறுநாள் அவள் அப்பா வந்து, "இனிஷியல்தானே டீச்சர், இதுக்குப் போய் ஒருநாள் கூலியை விடணுமா?" என்று கேட்டார். "இப்ப விட்டா ஒருநாள் கூலிண்ணா, அடுத்த வருஷம்னா அவளோட உதவித்தொகையே நிக்கும்" என்றேன். அந்த வாரமே ஆதார் மையத்துக்குப் போய் வந்தார்.

மதிப்பெண் சான்றிதழில் இருக்கும் பெயரைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றை அதற்கு ஏற்றபடி திருத்துவது சுலபம். மதிப்பெண் சான்றிதழிலேயே தவறு வராமல் இருக்க, பத்தாம் வகுப்பில் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கக் கொடுக்கும்போது பெற்றோரும் ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வங்கிக் கணக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்திருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் நேரடியாக வர, அந்தக் கணக்கு என்.பி.சி.ஐ. இணைப்பில் இருக்க வேண்டும். வங்கியில் இந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது இ-சேவை மையம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாமே அங்கே விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று கோப்பு நகரும். முடிவு வந்த வாரத்தில் மாவட்டமே விண்ணப்பித்தால் எங்கே நகரும்? வருமானச் சான்றிதழை மட்டும் கல்லூரியில் சேரும் ஆண்டில் புதிதாக வாங்குங்கள். மற்றவற்றை ப்ளஸ் டூ தொடங்கும் முன்பே வாங்கி வைக்கலாம். முதல் பட்டதாரி சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான் கட்டணச் சலுகை கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் யாருக்கு அது தேவைப்படும் என்று முன்னாலேயே பேசி வையுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 சதவீதத்தில் இடம் கிடைத்தால் அந்தச் சலுகையே தேவைப்படாது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பக்கம் போக நினைக்கும் பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதுவும் சேரும் ஆண்டின் ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு கொடுத்ததாக இருக்க வேண்டும். பொதுத்தேர்வு முடிந்த கையோடு இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். "அங்கெல்லாம் பீஸ் கட்ட முடியுமா?" என்று பயந்து விண்ணப்பிக்காமலே விடுகிறவர்களும் உண்டு. ஐ.ஐ.டி.யில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் இருந்தால் எந்தப் பிரிவினருக்கும் முழு விலக்கு; 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. விடுதிச் செலவு தனி.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கான ஜே.இ.இ. முதல் தேர்வு ஜனவரியில், சட்டப் படிப்புக்கான கிளாட் டிசம்பரில். இரண்டுக்கும் விண்ணப்பம் ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். மார்க் வந்த பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கு இந்தக் கதவுகள் அப்போதே மூடியிருக்கும்.

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பிள்ளைகள் செய்வதைப் பார்க்க மனசு கேட்காது. "இது எனக்குக் கிடைக்காது மிஸ்" என்று ஆசைப்பட்ட கல்லூரியை எழுதாமலே விடுவார்கள், அல்லது கீழே தள்ளுவார்கள். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, முதலில் காலியாக இருப்பதைக் கொடுக்கும். அதனால் கிடைக்குமா என்று யோசிக்காமல், பிடித்த வரிசையில் எழுத வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். பத்தோடு நிறுத்தாதீர்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்து எழுதுங்கள், ஒரே மாதிரிப் பெயரில் நிறைய கல்லூரிகள் உண்டு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு சேரலாம், அல்லது அதை வைத்துக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். அதற்குக் கொடுக்கும் அவகாசம் குறைவு. அந்த நாட்களில் போனில் சார்ஜும் டேட்டாவும் இருக்கட்டும். இதே சமயத்தில்தான் ஏஜெண்டுகள் வீடு தேடி வருவார்கள். யார் என்ன சொன்னாலும் அசல் சான்றிதழை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

கல்விக்கடனை எல்லாரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமலே வங்கிகள் கொடுக்கின்றன. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வியாகவும் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. அதற்குக் கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ, படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ வேண்டும். ஆகவே விருப்பப் பட்டியல் எழுதும்போதே அந்த அங்கீகாரத்தைப் பார்த்துவிடுங்கள், சேர்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை. அப்பா பெயரில் பழைய கடன் நிலுவை இருந்து விண்ணப்பம் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். ப்ளஸ் ஒன்னிலேயே அதைத் தீர்க்கவோ, தவணை பேசவோ நேரம் இருக்கிறது.

இவ்வளவும் தேர்ச்சி பெற்றவர்களுக்கு. ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையின் வீட்டில் அன்றைக்கு யாரும் திட்டம் பேச மாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் இந்த ஆண்டே வழி இருக்கிறது. துணைத்தேர்வு எழுதித் தேறினால் பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வு உண்டு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ., டிப்ளமோ படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்த 1,000 ரூபாய் உண்டு. துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி, முடிவு வந்த சில நாட்களிலேயே வந்துவிடும். அதனால் அந்த வீடுகளுக்கு அன்று மாலையே போன் போட்டு, மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.