தேய்மானக் கணக்கு உடலுக்குப் பொருந்துமா?
(முதியோருக்கான இயன்முறைச் சிகிச்சை பற்றிய பாடம்)

சங்கத்தின் ஆண்டுக் கணக்கைப் புரட்டினால், தளவாடங்களின் தேய்மானத்திற்கென ஒரு தொகை கழிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பயன்படுத்தப்படும் பொருள் ஆண்டுக்கு ஆண்டு தேயும். ஆகையால் அதன் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது முறை. இம்முறை மரத்திற்கும் இரும்பிற்கும் பொருந்தும். மனித உடலுக்கும் பொருந்துமா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயவிருக்கும் வினா.

நம் அங்கத்தினர்களுள் மூத்தவர் பலர் தம் உடலையும் இவ்வாறே கணக்கிடுகின்றனர். “நாற்பது ஆண்டுகள் மிதிப்பலகையை மிதித்த கால், தேய்ந்துவிட்டது, இனி ஓய்வுதான் மருந்து” என்று நெசவாளர் கூறுகிறார். “குனிந்து களை பறித்தே கழிந்த இடுப்பு, இனி நிமிராது” என்று விவசாயி கூறுகிறார். மருத்துவரும் முழங்கால் வலிக்கு ‘மூட்டுத் தேய்மானம்’ என்று பெயர் சொல்லிவிட்டால், இவ்வெண்ணம் உறுதியாகிவிடுகிறது. அன்று முதல் அவர் திண்ணையை விட்டு இறங்குவதில்லை. முதலில் கடைவீதிக்குச் செல்வது நிற்கிறது. பின்னர்க் கோயிலுக்குச் செல்வது நிற்கிறது. இறுதியில் பிறர் கைகொடுத்தாலன்றி எழ இயலாத நிலை வருகிறது. இதனை முதுமையின் இயல்பு என்று வீட்டாரும் ஏற்றுக்கொள்கின்றனர். இதில் பெரும்பகுதி முதுமையால் வந்ததன்று, ஓய்வால் வந்ததாகும்.

ஓய்வு செய்யும் கேடு

இயந்திரம் ஓட ஓடத் தேய்கிறது. தசையோ ஓடாதிருந்தால் தேய்கிறது. இவ்வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொள்வதே இப்பாடத்தின் பயன். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயற்ற முதியவர்கள் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அப்பத்து நாட்களில் அவர்கள் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசை குறைந்திருந்தது. சாதாரணக் காய்ச்சலில் இரு வாரங்கள் படுத்தெழுந்த பாட்டனார் ஏன் தள்ளாடுகிறார் என்பதற்கு இதுவே விளக்கம்.

இழந்ததைத் திரும்பப் பெற இயலுமா? இயலும். 1990இல் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொண்ணூறு வயதில் இது கூடுமாயின், அறுபத்தைந்து வயதில் “இனி என்ன இருக்கிறது?” என்று சொல்வதற்கு இடமில்லை.

மூட்டைப் பற்றியும் ஒரு செய்தி அறியத்தக்கது. எலும்புகளின் முனையில் மெத்தை போல் அமைந்துள்ள குருத்தெலும்பிற்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லை. மூட்டினுள் உள்ள திரவத்திலிருந்தே அது உணவு பெறுகிறது. மூட்டு மடங்கி நீளும்பொழுதுதான் அத்திரவம் நன்கு ஊடுருவுகிறது. ஆகவே வலிக்கு அஞ்சி மூட்டை அசையாது வைத்திருப்பது, அதற்குச் சேரவேண்டிய உணவைக் குறைப்பதாகும். மேலும் முழங்காலின் சுமையைத் தாங்கிக் கொடுப்பது தொடையின் முன்புறத் தசை. அது மெலிந்தால் சுமை முழுவதும் மூட்டின்மேல் விழுகிறது, வலி மிகுகிறது, வலி மிகுவதால் நடை மேலும் குறைகிறது. இச்சுழலை அறுக்கும் இடம் தொடைத் தசையே.

“வாழ்நாள் முழுதும் உழைத்தோமே!”

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழும். “நாங்கள் எழுத்தர்கள் அல்லரே, உடலால் உழைத்தவர்களுக்குப் பயிற்சி எதற்கு?” என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் பாதங்கள் இடையறாது இயங்குகின்றன. நாடாக் கயிற்றை இழுக்கும் கை ஓயாது இயங்குகிறது. ஆனால் இடுப்பு அசைவதில்லை. முதுகு கூனியே இருக்கிறது. உடலின் முழு எடையையும் கால்கள் தூக்கி நிறுத்தும் வேளை மிகக் குறைவு. நாற்று நடுபவரும் களை பறிப்பவரும் குனிந்த நிலையிலேயே நாளைக் கழிக்கின்றனர். ஒரே அசைவைப் பல்லாயிரம் முறை செய்வது சில தசைகளுக்கு மிகையான வேலையையும், மற்றவற்றிற்கு நீண்ட விடுமுறையையும் தருகிறது. விடுமுறையில் இருந்த தசைகளை வேலைக்கு அழைப்பதே பயிற்சி.

இயன்முறைச் சிகிச்சை என்பது யாது?

மருத்துவமனைகளில் ‘பிசியோதெரபி’ என்று வழங்குவதே இயன்முறைச் சிகிச்சை. நம் நாட்டில் இளம்பிள்ளை வாதத்தால் நலிந்த குழந்தைகளின் பொருட்டே இது முதலில் பரவலாக அறியப்பட்டது. இதற்கான பள்ளி 1953இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. இன்று முழங்கால் வலி, தோள் இறுக்கம், எலும்பு முறிவிற்குப் பிந்திய நலிவு, பக்கவாதம், நடுக்குவாதம் முதலிய முதுமைக்கால நோய்கள் பலவற்றிலும் இது பயன்படுகிறது.

எண்ணெய் தடவி உருவுவதும் மின்சாரக் கருவியை வைப்பதுமே இச்சிகிச்சை என்று பலர் எண்ணுகின்றனர். அவை சிறிது நேரம் வலியைத் தணிக்கக்கூடும்; வலிமையைத் தருவதில்லை. நோயாளி தாமே செய்யும் பயிற்சிதான் சிகிச்சையின் உயிர்நாடி. பத்து நாட்கள் பணம் கட்டிக் கருவியின்கீழ்ப் படுத்திருந்துவிட்டு, வீட்டில் ஒரு நாளும் பயிற்சி செய்யாதவர், தம் தவணையைப் பிறர் செலுத்துவார் என்று காத்திருப்பவரை ஒப்பார்.

முதலில் ஒரு சோதனை

கைப்பிடியற்ற, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்து இடுக. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுவதும் எழுந்து நின்று அமர முடிகிறதென்று எண்ணுக. அருகில் ஒருவர் நிற்றல் அவசியம். 65 முதல் 69 வயது வரையுள்ள ஆண்கள் 12 முறைக்கும், பெண்கள் 11 முறைக்கும் குறைவாகச் செய்தால், கால் வலிமை குறைந்துள்ளதென்றும் விழுந்துவிடும் அபாயம் உண்டென்றும் கொள்ளலாம். இவ்வெண்ணிக்கையைத் தேதியுடன் குறித்து வைத்தால், இரண்டு மாதங்களுக்குப் பின் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள்

1. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை மெதுவாக நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. இது தொடைத் தசைக்குரியது.

2. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்க. தொடக்கத்தில் கையை ஊன்றலாம். நாளடைவில் ஊன்றுவதைக் குறைக்க வேண்டும். ஐந்தில் தொடங்கிப் பத்து வரை உயர்த்துக.

3. சுவரையோ கனமான மேசையையோ பிடித்து நின்று, இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குக. பத்து முறை.

4. அவ்வாறே பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் விரல்களுக்கு முன்னே மற்றப் பாதத்தின் குதிகாலை வைத்துப் பத்து எண்ணும் வரை நிற்க. இது நிலைதடுமாறாமைக்குரியது.

5. சுவரை நோக்கி நின்று, விரல்களால் சுவரில் படிப்படியாக ஏறிக் கையை உயர்த்துக. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் மிகுதியாக வருவதால், அவர்கள் இதனை மறவாது செய்தல் நன்று.

6. நாள்தோறும் இயன்ற அளவு நடக்க வேண்டும். பேச்சுத் தடைப்படாத வேகமே போதுமானது.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலியக்கமும், வாரத்தில் மூன்று நாட்களேனும் வலிமைக்கும் நிலைதடுமாறாமைக்குமான பயிற்சியும் மேற்கொள்ள வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. ஒரே நாளில் அனைத்தையும் செய்ய முனைவது தவறு. சிறுகச் சிறுகத் தொடங்கி, வாரந்தோறும் எண்ணிக்கையை உயர்த்துவதே முறை.

பயிற்சியின்போது சிறிது வலி தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய அளவிற்குத் தணிந்தால் பயிற்சி பொருந்துகிறதென்று கொள்க. தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கவும். மூட்டு வீங்கிச் சூடேறினாலும், மார்பு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் தோன்றினாலும் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். இருதய நோய் உள்ளவர்களும் அண்மையில் எலும்பு முறிந்தவர்களும் மருத்துவரின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். திடீரென முகம் கோணுதல், ஒரு கை துவளுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அப்பொழுது பயிற்சியோ எண்ணெயோ நினைவிற்கு வரலாகாது. தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயிர் தப்பிய பின்னர்ப் பயிற்சியை நாள் கடத்தாது தொடங்குவதும் அவ்வளவிற்கு முக்கியம். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் விரைவாக நிகழ்கிறது.

வீழ்ச்சியைத் தடுத்தல்

முதியவர் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் துன்பம் அவரோடு நிற்பதில்லை. அறுவைச் சிகிச்சைக்குக் கடன் வாங்க நேரிடும். உடனிருந்து கவனிக்க ஒருவர் வேலையை விட நேரிடும். பாட்டி சுற்றிக் கொடுத்த தாரும் இல்லை, மருமகளின் கூலியும் இல்லை என்றாகித் தறி நிற்கும் வீட்டில், சங்கக் கடனும் தவணை தவறுகிறது.

நியூஸிலாந்து நாட்டில் ஒட்டாகோ என்னுமிடத்தில் வகுக்கப்பட்ட பயிற்சி முறை இதற்கு வழி காட்டியது. பயிற்சி பெற்றோர் முதியவர்களின் வீட்டிற்கே சென்று, கால் வலிமைக்கும் நிலைதடுமாறாமைக்குமான எளிய பயிற்சிகளைக் கற்பித்தனர், நடக்கவும் ஊக்குவித்தனர். அங்கு நடந்த நான்கு ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் கணக்கிட்டபோது, வீழ்ச்சிகள் 35 சதவீதம் குறைந்திருந்தமை தெரிந்தது.

பயிற்சியோடு வீட்டையும் சீர்செய்தல் வேண்டும். தறிக் குழியை வேலை முடிந்ததும் பலகையால் மூடுக. இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியட்டும். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி பதிக்கலாம். தேய்ந்த ரப்பர் செருப்பை எறிந்துவிட்டுக் குதிகாலில் வார் உள்ள செருப்பை அணிக.

கைத்தடியைப் பிடிக்கும் முறையிலும் கவனம் தேவை. வலது முழங்காலில் வலி எனில், தடி இடது கையில் இருக்க வேண்டும். பலர் இதனை மாற்றிப் பிடிக்கின்றனர். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகையளவில் இருத்தல் வேண்டும். படியேறும்போது வலியில்லாத காலும், இறங்கும்போது வலியுள்ள காலும் முன்னே செல்ல வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

தனியாகத் தொடங்கிய பயிற்சி இரண்டாவது வாரத்தில் நின்றுவிடுவது இயல்பு. பலர் கூடிச் செய்தால் நிலைக்கும். இது கூட்டுறவாளர்களுக்குப் புதிய உண்மையன்று. சங்கக் கட்டிடம் காலையில் ஒரு மணி நேரம் வெறுமையாகவே உள்ளது. வாரத்தில் மூன்று நாட்கள் அரைமணி நேரம் மூத்த அங்கத்தினர்கள் அங்குக் கூடலாம். வேண்டுவன பத்து உறுதியான நாற்காலிகளும் ஒரு வருகைப் பதிவேடுமே. முதல் நாளன்று அரசு மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவரை அழைத்து, ஒவ்வொருவருக்கும் எது பொருந்தும் என்று கேட்டறிதல் நலம். வெளியே வர இயலாதவர்களின் பெயர்களை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தெரிவிக்கலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடிச் சென்று இச்சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதியாக அமைந்தது.

தளவாடத்தின் தேய்மானத்தை நாம் கணக்கில் எழுதலாம், நிறுத்த முடியாது. உடலின் கணக்கோ சேமிப்புக் கணக்கைப் போன்றது. நாள்தோறும் செலுத்தும் சிறு தொகை அதில் வளர்கிறது. செலுத்துவதை நிறுத்தினால் இருப்புக் கரைகிறது. எந்த வயதிலும் இக்கணக்கைத் தொடங்கலாம் என்பதே மூத்த அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டிய செய்தி.

ஆய்வு வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் அறுபத்தைந்து வயதைக் கடந்த அங்கத்தினர்கள் எத்தனை பேர்? அவர்களுள் கடந்த ஓராண்டில் விழுந்தவர்கள் எத்தனை பேர்?

2. தறி வேலையிலும் வயல் வேலையிலும் உழைக்கும் தசைகள் எவை, உழைக்காத தசைகள் எவை?

3. சங்கக் கட்டிடத்தில் பயிற்சி வகுப்பு நடத்த உகந்த நாளும் நேரமும் யாவை? வருகைப் பதிவேட்டின் பொறுப்பை யார் ஏற்பர்?