கொள்வான் சென்றேம்

நூல் வாங்குதற்குக் கடைக்குச் சென்றேம் என்னுங் கருத்தை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்த யாம், 'கு' உருபு கண்டவிடத்து 'ஃபார்' என்பதை வைத்து, 'ஃபார் பையிங்' என வரைந்தேம். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தனர். 'டு பை' என்பதே மரபாம். கத்தி வெட்டுதற்குரியது எனப் பொருளின் பயன் கூறுமிடத்து 'ஃபார் கட்டிங்' தகும். ஒருவன் ஒன்றைக் கருதிச் செய்யும் வினைக்குத் தகாது.

இவ்விடர் தீர்த்தது பவணந்தியார் நன்னூலே. வான், பான், பாக்கு என்னும் ஈற்று வினையெச்சங்கள் நோக்கம் உணர்த்தித் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடிவன. 'நூல் கொள்வான் சென்றேம்' என்புழிக் கொள்பவரும் செல்பவரும் யாமே. ஆங்கில 'டு'வும் பெரும்பாலும் இவ்வியல்பிற்று.

'மகன் படிக்கத் தாய் விளக்கேற்றினாள்' என்பதிலோ வினைமுதல் இருவர். 'படிக்க' என்னுஞ் செயவெனெச்சம் இருவரையும் தாங்கும். ஆங்கிலத்தில் 'டு ரீட்' என்று மட்டும் எழுதின், படிப்பவள் தாயாகிவிடுவாள்! ஆண்டு 'ஸோ தட் ஹெர் ஸன் குட் ரீட்' என விரித்தல் வேண்டும். 'ஃபார் ஹெர் ஸன் டு ரீட்' எனினும் அமையும். அடிபட்ட 'ஃபார்' ஈண்டு வேறு வேடத்தில் மீண்டமை காண்க.

எதிர்மறைக்கண் வெறும் 'நாட் டு' பெரும்பாலும் போதாது. விழாதிருத்தற்பொருட்டு மெல்ல நடந்தான் எனின், 'ஸோ அஸ் நாட் டு ஃபால்' என்றே எழுதுக.