சிக்னலில் ‘டி’யா, ‘என்’னா?

கேள்வி: பல வருடங்கள் மேனுவல் கார் ஓட்டிவிட்டு, அண்மையில் ஏஎம்டி கியர்பாக்ஸ் உள்ள பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறேன். சிவப்பு விளக்கைப் பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வேகம் குறையும்போது வண்டி லேசாக உதறுகிறது. ஒரு கணம் யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோலவும் இருக்கிறது. இது கோளாறா? சிக்னலை நெருங்கும்போதே ‘என்’னுக்கு மாற்றிவிட்டால் கிளட்ச் தேயாது, பெட்ரோலும் மிச்சமாகும் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா?
– வாசகர், சென்னை

பதில்: நீங்கள் சொல்லும் அளவுக்கு லேசான உதறல் கோளாறு அல்ல, ஏஎம்டியின் இயல்பு. 2014-இல் மாருதி செலெரியோ மூலம் நம் ஊரில் பரவலான இந்த கியர்பாக்ஸின் உள்ளே இருப்பது நீங்கள் பழகிய அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் செய்கிறது.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. அதைத்தான் இன்ஜின் பிரேக்கிங் என்கிறோம். மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறங்கும்போது கிளட்ச் ஒரு கணம் திறக்கிறது. அந்தப் பிடி விட்டுப்போகிறது. தள்ளுவதுபோலத் தோன்றுவது அப்போதுதான். அடுத்த கணம் கிளட்ச் சேர்ந்ததும், சிறிய கியர் என்பதால் பிடி முன்பைவிட இறுகுகிறது. அது உதறலாகத் தெரிகிறது. நடை வேகத்துக்கு வந்ததும், இன்ஜின் அணைந்துவிடாதபடி கிளட்ச் முழுவதும் திறந்துகொள்ளும். அதன்பிறகு வண்டியை நிறுத்துவது உங்கள் பிரேக் மட்டுமே. எனவே சிவப்பு தெரிந்ததுமே பிரேக்கை மெதுவாக, சீராக அழுத்த ஆரம்பியுங்கள். வேகத்தைக் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் பிரேக் ஏற்றுக்கொண்டால் கியர் இறங்குவது அவ்வளவாகத் தெரியாது.

ஓடும்போதே ‘என்’னுக்கு மாற்றச் சொன்ன நண்பரின் யோசனையைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். இன்றைய இன்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால், வேகம் நன்றாகக் குறையும்வரை இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நிறுத்திவிடும்; சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். ‘என்’னுக்குப் போனால் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிந்தாக வேண்டும். மிச்சம் பிடிக்கப்போய்ச் செலவு கூடும், இன்ஜின் பிரேக்கிங்கும் போய்விடும். அதைவிட முக்கியம், குறுக்கே ஏதாவது வந்து சட்டென்று வேகமெடுத்து விலக வேண்டியிருந்தால் வண்டி உங்கள் கால் சொல்வதைக் கேட்காது.

நின்ற பிறகு? ‘டி’யில் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தால் கிளட்ச் திறந்தே இருக்கும், தேய்வதில்லை. அரை நிமிடச் சிவப்புக்கு அதுவே போதும். ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ‘என்’னுக்கு மாற்றுங்கள். காலுக்கும் ஓய்வு, கால் தவறி வண்டி நகர்ந்துவிடும் ஆபத்தும் இல்லை. கிளம்பும்போது முதலில் பிரேக், பிறகு ‘டி’, மீட்டரில் கியர் விழுந்தது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

கிளட்ச் உண்மையில் தேய்வது இரண்டு இடங்களில். ஒன்று, மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து நிறுத்துவது. அப்போது கிளட்ச் பாதி சேர்ந்த நிலையில் உரசிச் சூடாகிறது. கருகல் வாடை வருவது அதனால்தான். ஏற்றத்தில் எப்போதும் பிரேக் அல்லது ஹேண்ட் பிரேக்கில் நில்லுங்கள். இன்னொன்று, நெரிசலில் முன்வண்டி நகரும் ஒவ்வொரு அடிக்கும் நாமும் ஊர்ந்துகொண்டே இருப்பது. கொஞ்சம் இடைவெளி விழட்டும். பிறகு ஒரே மூச்சில் நகருங்கள்.

வேறு வகை ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிசிடியிலும் கிளட்ச் உண்டு என்பதால் மேலே சொன்ன எச்சரிக்கைகள் அப்படியே பொருந்தும். டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது எண்ணெய். ‘டி’யில் நிற்கும்போது அந்த எண்ணெய் சற்றுச் சூடாகும், அதைத் தணிக்க ஏற்பாடு இருப்பதால் கவலை வேண்டாம். எந்த வகையானாலும் சிக்னலில் ‘பி’ வேண்டாம். பின்னாலிருந்து யாராவது இடித்தால், கியர்பாக்ஸைப் பூட்டியிருக்கும் சிறிய கொக்கி உடையக்கூடும். மேலும் ‘பி’யிலிருந்து ‘டி’க்கு வரும் வழியில் ‘ஆர்’ இருக்கும் வண்டிகளில், ரிவர்ஸ் விளக்கு மின்னிப் பின்னால் நிற்பவரைப் பதறவைக்கும்.

உதறல் திடீரென்று அதிகமானாலோ, கியர் விழும்போது ‘டம்’ என்று சத்தம் கேட்டாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ தள்ளிப்போடாமல் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கிளட்ச் தேயத் தேய அது சேரும் இடம் மாறும். கம்ப்யூட்டரை இணைத்து அதை மறுபடி அளந்து பதிவுசெய்யும் கிளட்ச் கேலிபிரேஷனைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பல வண்டிகளில் உதறல் அதிலேயே அடங்கிவிடும்.