ஓவியனுக்கு எதற்கு கம்ப்யூட்டர் டைரி?

"யாருப்பா இதையெல்லாம் படிக்கப் போறா?" என்று என் மகள் கேட்டாள். இரவு சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அன்று வரைந்த படத்தைப் பற்றி நாலு வரி டைப் செய்வது என் வழக்கம். அவள் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அந்தப் பதிலையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட வழிமுறைகளையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

நான் சின்னமனூரில் போர்டு எழுதிப் பிழைத்தவன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு தூரிகைக்கு வேலை குறைந்தது. கிடைத்த நேரத்தில் வாட்டர் கலர் பழகினேன். ஜூன் மாதம் முல்லைப் பெரியாறு தண்ணீர் வந்ததும் பச்சை பிடிக்கும் நாற்றங்கால், கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சைப் பந்தல், வீரபாண்டி திருவிழாக் கூட்டம் என்று கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்தேன். வரைந்த அன்று இரவே குறிப்பும் எழுதி வைத்தேன்.

மூன்று படங்களும் ஒரு சிடியும்

மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. அகலப் பாதையாக மாற்றும் வேலை முடிந்து 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் ரயில் திரும்ப வந்தது. பழைய ரயில் நிற்பதற்கு முன், 2010 டிசம்பரில் அதில் ஏறிப் போய் மூன்று படங்கள் வரைந்தேன்.

2022இல் தேனிக்கு ரயில் வந்தபோது, அவற்றைப் பார்த்துப் பெரிய படம் ஒன்று வரைய ஆசைப்பட்டேன். மூன்றில் ஒன்றை வெயில் படும் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். அதில் வானம் வெறும் நீலமாக இருந்தது. எந்த ஸ்டேஷன் என்றும் நினைவில்லை. காலையா மாலையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

குறிப்பு எழுதினோமே என்று தேடினேன். பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் எப்போதோ போய்விட்டது. இரண்டு சிடிக்களில் நகல் இருந்தது. ஒன்றைக் கம்ப்யூட்டர் படிக்கவே இல்லை. 2004 முதல் 2008 வரை எழுதிய குறிப்புகள் அதோடு போயின. இன்னொன்று திறந்தது. ஆனால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் விநோதக் குறிகளும் வரிசையாக நின்றன.

ஏன் இப்படி ஆயிற்று?

அப்போது நான் பயன்படுத்தியது யூனிகோட் அல்லாத தமிழ் எழுத்துரு. அந்த வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும். கம்ப்யூட்டருக்கு அது தமிழ் என்றே தெரியாது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. அதனால் இன்றைய கம்ப்யூட்டர்களிலும் போன்களிலும் பெரும்பாலும் தமிழ் தமிழாகவே தெரியும். தமிழக அரசும் 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

நல்ல வேளையாக என் கோப்பு வேர்டில் சேவ் ஆகியிருந்தது. வேர்டில் ஒரு வரியைத் தேர்வு செய்தால், அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே எழுத்துருப் பெட்டியில் தெரியும். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எழுத்துரு மாற்றி மென்பொருளில் அந்தப் பெயரைத் தேர்வு செய்து, எழுத்துகளை ஒட்டி யூனிகோடாக மாற்றினேன். இடையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த சொற்கள் குளறுபடியாகும். அவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டும்.

மாற்றியதும் அந்த வரி கிடைத்தது. ஆண்டிபட்டி ஸ்டேஷன், மாலை ஐந்தரை மணி, வானம் ஊதா, நீலத்தோடு ரோஸ் கலந்தது என்று எழுதியிருந்தேன். மலிவு விலை ரோஸ் வெயிலில் வெளிறிப் போய், நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது! படம் மறந்துவிட்டதைக் குறிப்பு நினைவில் வைத்திருந்தது.

பெரியவர்களுக்கும் இதே கதை

வான்கோ 1888 அக்டோபரில் தன் படுக்கையறையை வரைந்தபோது, சுவர் வெளிர் ஊதா என்று தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதினார். இன்று அந்தப் படத்தில் சுவர் நீலமாகத் தெரிகிறது. சிவப்பு நிறமி வெளிறியதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கடிதம் இல்லாவிட்டால் அவர் நினைத்த நிறம் நமக்குத் தெரியுமா? புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பும் இப்படித்தான். அன்றாடம் எழுதி வைத்தது இன்று சரித்திரமாகிவிட்டது.

நீங்களும் தொடங்கலாம்

1. ஸ்கேன்: ஏ4 படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 2480 x 3508 பிக்சல்கள் கிடைக்கும். சுருக்காமல் சேமித்தால் ஏறக்குறைய 26 எம்பி. அதே அளவில் திரும்ப அச்சிட இது போதும். பெரிதாக்க நினைத்தால் 600 டிபிஐ வையுங்கள். கோப்பு நான்கு மடங்காகும்.

2. கோப்பு வகை: மூலத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி ஆக வையுங்கள். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்தி சேவ் செய்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். நண்பர்களுக்கு அனுப்ப மட்டும் ஜேபெக் நகல் எடுங்கள்.

3. பெயர்: '2010-12-ஆண்டிபட்டி-ரயில்-01' என்பதுபோல வருடம், மாதம், இடம், பொருள் என்று பெயரிடுங்கள். கோப்புகள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும்.

4. குறிப்பு: படத்தின் பெயரிலேயே நோட்பேட் கோப்பு ஒன்று உருவாக்கி, அதே ஃபோல்டரில் வையுங்கள். இடம், நேரம், வண்ணங்கள், காகிதம், எது சரியாக வரவில்லை என்று ஐந்து வரி போதும். இப்போதைய விண்டோஸிலேயே தமிழ் 99 கீபோர்டு உண்டு. பழைய விண்டோஸ் என்றால், சேவ் செய்யும்போது என்கோடிங் பகுதியில் யுடிஎஃப்-8 தேர்வு செய்ய மறக்காதீர்கள். ஆன்சி என்று விட்டுவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

5. நகல்: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். நான் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, தேனியில் இருக்கும் தங்கை வீட்டில் பென் டிரைவில் ஒன்று வைத்திருக்கிறேன். இணையச் சேவையை மட்டும் நம்ப வேண்டாம். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. பிகாசா 2016இல் நின்றது.

6. சோதனை: வருடத்துக்கு ஒரு முறை எல்லா நகல்களையும் திறந்து பாருங்கள். என் சிடியை நான் பன்னிரண்டு வருடம் திறக்கவே இல்லை. இழப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

மகளின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். படிக்கப் போவது நான்தான். ஆனால் பன்னிரண்டு வருடம் கழித்து வரும் நான், இன்று பார்த்ததை மறந்துவிட்ட ஆள். அவருக்கு யாராவது எழுதி வைக்க வேண்டுமே! அவருக்குப் பயன்பட்டால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

படம் வரைபவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தையல், கோலம், சமையல், தோட்டம் என்று கையால் எதைச் செய்தாலும் இந்த வழி பொருந்தும். இன்று இரவே ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பீரோவில் பழைய சிடி ஏதாவது இருந்தால், முதலில் அதைத் திறந்து பாருங்கள்.